கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லாத பெண்

காரைக்கால் பேருந்து நிலையத்துக்கு என்னையும் அத்தையையும் வழியனுப்ப அம்மா வந்திருந்தாள். தங்கை மரியா வந்திருந்தாள். பங்குச் சாமியார் ஸ்கூட்டரில் வந்திருந்தார். கோவில்பத்தில் எங்கள் தெருவிலிருந்து பாதிப்பேர், அத்தையின் மூட்டைகளை வேடிக்கை பார்ப்பதற்காகவே வந்திருந்தார்கள். அப்பா வரவில்லை.

அப்பாவுக்கு வேலை இருக்கிறது என்று அம்மா கேட்டவர்களிடமெல்லாம் சொன்னாள். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அன்று ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மண்டி கிடையாது என்பது அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரியும். யாரும் அம்மாவை மறுத்துப் பேசவில்லை.

விஷயம் இதுதான். எங்கள் பங்குக் கோயிலில் பெரிய வெள்ளிக்கிழமை சாயங்காலம் வியாகுலம் பாடுவது வழக்கம். ஆண்டவர் சிலுவை சுமந்த கதையை ஒப்பாரி ராகத்தில் பாடுவார்கள். கூட்டம் கேட்டு அழும். பாடுகிறவர் அப்பா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காதில் கேட்டு நெஞ்சில் ஏற்றிக்கொண்ட பாட்டு. புதிதாக வந்த சாமியார் இந்த வருஷம் அதை நிறுத்தப் போவதாகச் சொன்னார். புதிய தமிழ் மொழிபெயர்ப்பு வந்திருக்கிறது, நற்செய்தியை அதிலிருந்து வாசித்தால் போதும், வேதத்தில் இல்லாததைக் கோயிலில் பாடுவானேன் என்றார். வாசிப்பதற்கு அவர் தேர்ந்தெடுத்த ஆள் நான். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தைத் தாண்டிக் கல்லூரி வரை போனவன்.

நான் உடனே சம்மதித்தேன். அச்சில் ஏறியது நிஜம், வாயில் வருவது கலப்படம் என்பது அப்போது என் உறுதியான எண்ணம். அப்பாவின் பாட்டில் வெரோணிக்கம்மாள் என்று ஒருத்தி வருகிறாள். ரத்தமும் வேர்வையுமாக வரும் ஆண்டவரைப் பார்த்து, 'முந்தானை கிழிச்சாளாம், முகம் தொடைக்க வந்தாளாம்' என்று அப்பா பாடும்போது பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள். எருசலேமில் முந்தானை எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். அதிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. நான் சாப்பிட்டேனா என்று தெரிய வேண்டுமானால் மரியாவிடம், "அந்த வாசிப்புக்காரர் சாப்பிட்டாராம்மா?" என்று கேட்பார்.

இந்த நிலைமையில்தான் பயணம் வாய்த்தது. அம்மாவின் அண்ணன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். பாரிசுக்குப் பக்கத்தில் தனியாகக் குடியிருந்தார். அவர் மனைவியான அத்தை அங்கே போகவே மாட்டேன் என்று காலமெல்லாம் பிடிவாதமாக இருந்தவள். மாமாவுக்கு வயிற்றில் ஆபரேஷன் என்று தந்தி வந்ததும் ஒரே நாளில் மனம் மாறினாள். ஒரு நிபந்தனை: போர்டு படிக்கத் தெரிந்த ஆள் கூட வர வேண்டும். மாமா எனக்கும் சேர்த்துச் செலவழித்தார்.

பஸ் புறப்படும்போது சாமியார் ஜன்னல் பக்கம் வந்தார். "சவரி, பாரிசுலேர்ந்து லண்டன் கிட்டக்கதான். அங்க ஒரு மியூசியத்துல ரொம்பப் பழைய வேதம் ஒண்ணு இருக்கு, கிரேக்கத்துல எழுதினது. முடிஞ்சா பாத்துட்டு வா. எழுத்துன்னா என்னன்னு உனக்கே வெளங்கும்" என்றார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "எது, ரொம்ப மூத்ததா? அப்ப நானும் வருவேன்" என்றாள்.

விமானத்தில் அத்தை பட்டினி. ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முடிகிற வரை கவுச்சி தொடுவதில்லை என்று நேர்த்திக்கடன். கருவாடு மட்டும் அதில் சேராது, அது அவளே வகுத்துக்கொண்ட சட்டம். தட்டில் கோழி வந்தது. பணிப்பெண் பணிவாக மறுபடியும் நீட்டினாள். "அந்தப் புள்ளைகிட்ட சொல்லு, இது என்ன மாசம்னு இந்தக் கோழிக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்னு" என்றாள் அத்தை. நான் வேண்டாம் என்பதை மட்டும் இங்கிலீஷில் சொன்னேன். பிறகு இரண்டு கோழியையும் நானே சாப்பிட்டேன்.

மாமாவின் வீடு ஒன்பதாவது மாடியில். நாங்கள் போன அன்று லிப்ட் வேலை செய்யவில்லை. ஒவ்வொரு மாடியிலும் அத்தை மூட்டைமேல் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். மாமா மேலிருந்து மாடிப்படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலிருந்து அதற்குள் அனுப்பிவிட்டிருந்தார்கள். "மெதுவா வா, மெதுவா வா" என்று குரல் கொடுத்தார். கதவருகே வந்ததும் அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்து, "இப்படி எளைச்சுப் போறதுக்கா இவ்வளவு ஒசரத்துல குடி வந்தீங்க?" என்றாள். மாமா மூட்டையை வாங்கிக்கொண்டார்.

மறுநாள் அத்தை கருவாடு வறுத்தாள். சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. கீழ்வீட்டுக் கிழவி, கறுப்பு உடை, கடுகடுத்த முகம். மாமா அடுப்பை அணைக்கச் சொல்லிச் சைகை காட்டினார். "போச்சு, கம்ப்ளெயிண்ட் பண்ண வந்துட்டா" என்று கிசுகிசுத்தார். கிழவி பிரெஞ்சில் ஏதோ கேட்டாள். மாமாவின் முகம் மாறியது. அவள் போர்த்துகல்காரி; அவர்கள் ஊரிலும் மீனை உப்புப் போட்டுக் காய வைப்பார்களாம்; யார் வீட்டிலிருந்து இந்த வாசனை வருகிறது என்று மாடி மாடியாக மோப்பம் பிடித்து வந்திருக்கிறாள். அத்தை நெத்திலிக் கருவாட்டை ஒரு தட்டில் வைத்துக் கொடுத்தாள். கிழவி நின்றுகொண்டே தின்றாள். போகும்போது இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு, அவரவர் பாஷையில், ஒருவருக்கொருவர் வெகுநேரம் பேசினார்கள். இடையில் மொழிபெயர்க்கப் போன மாமாவை இரண்டு பேருமே கையமர்த்திவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனோம். நம் ஊர்க் கோயிலைப்போல் நாலு கோயில் கொள்ளும் அளவு பெரிய கட்டடம்; ஆட்கள் முன்வரிசையில் கொஞ்சம், பின்வரிசையில் கொஞ்சம். நற்செய்தியை ஒருவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நிறுத்தி, தெளிவாக, பிழையில்லாமல் வாசித்தார். நானும் அப்படித்தான் வாசிக்கப் பழகியிருந்தேன். "நல்லாத்தான் படிக்கிறாரு" என்றாள் அத்தை. "ஏன் யாருமே அழல?"

மாமாவுக்கு உடம்பு கொஞ்சம் தேறியதும் அத்தை லண்டனை நினைவுபடுத்தினாள். மாமா சிரித்தார். போர்த்துகல் கிழவி அவருக்குச் சூப் வைத்துக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டாள்.

கடலைக் கப்பலில் கடந்தோம். கிளிஞ்சல்மேட்டில் பிறந்து, கட்டுமரங்கள் போவதையும் வருவதையும் பார்த்தே வளர்ந்தவள் அத்தை. ஆனால் ஒருநாளும் தண்ணீர்மேல் போனதில்லை. போகும் வழியெல்லாம் வாந்தி. "எங்கப்பா தெனம் இதுல போயா எங்களுக்குச் சோறு போட்டாரு?" என்று ஒருமுறை கேட்டாள்.

லண்டனில் வழி தவறினோம். குற்றம் முழுக்க என்னுடையதல்ல. கையில் மேப்பை விரித்து நான் நின்றுகொண்டிருந்தபோது, எதிரே ஒரு பெண் சேலை கட்டி, மேலே கம்பளிக் கோட்டுப் போட்டுப் போனாள். "சேலை கட்டினவ தப்பான எடத்துக்குப் போக மாட்டா" என்று அத்தை அவள் பின்னாலேயே நடந்துவிட்டாள். அவள் போய்ச் சேர்ந்தது ஒரு சலவைக்கடை. அங்கே வேலை பார்க்கிற குஜராத்திப் பெண், தமிழ் தெரியாது. எங்களைப் பார்த்துப் பயந்து, அப்புறம் சிரித்து, இஞ்சி தட்டிப் போட்ட டீ கொடுத்து, பஸ் நிறுத்தம் வரை கொண்டுவந்து விட்டாள். பாரிசில் கிடைக்காத டீ. அத்தை பஸ்ஸில் ஏறியதும், "நான் சொன்னேன்ல?" என்றாள்.

மியூசியத்தில் அந்த ஏடு ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் விரித்து வைக்கப்பட்டிருந்தது. மங்கலான விளக்கு. தோலைப் பதப்படுத்திச் செய்த பக்கங்கள். ஒரு பக்கத்தில் நான்கு பத்திகள். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி கிடையாது; நம் ஓலைச்சுவடிகளைப்போல எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டி ஓடின. வயது ஏறக்குறைய ஆயிரத்து அறுநூறு வருஷம் என்று அட்டையில் எழுதியிருந்தது. குனிந்து பார்த்தபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. வரிகளுக்கு நடுவிலும் ஓரத்திலும் பொடிப்பொடியாக வேறு எழுத்துகள். அடித்தது, சேர்த்தது, மாற்றியது. மிகப் பழைய வேதம் மாசுமறுவில்லாமல் இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். வாத்தியார் திருத்திக் கொடுத்த என் பரீட்சைத்தாள்போல இருந்தது.

பக்கத்தில் அத்தையைக் காணோம். திரும்பினால், தூண் ஓரமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்துகொண்டிருக்கிறாள். இடுப்பிலிருந்து ஒரு வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தாள். நான் தடுப்பதற்குள் அதைக் கண்ணாடிமேல் விரித்து, இரண்டு கையாலும் நீவி, எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சுரூபம் என்கிற சாமி சிலையைத் தொட முடியாதபோது துணியால் தொட்டு, அந்தத் துணியை வீட்டுக்குக் கொண்டுபோவது எங்கள் பக்கத்து வழக்கம். லண்டன் காவலருக்கு அது எப்படித் தெரியும்?

"இந்த அம்மாள் கண்ணாடியை ஏன் துடைக்கிறார்?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

"துடைக்கவில்லை. புனிதமான பொருளை இப்படித் தொட்டு வணங்குவோம்" என்றேன்.

"அவர் தொட்டது கண்ணாடியை."

அதை அத்தைக்குச் சொன்னேன். "அது எனக்குத் தெரியாதா? உள்ள தொட விடுவாரான்னு கேளு" என்றாள்.

காவலர் போய் ஒரு பெண்ணை அழைத்து வந்தார். ஒல்லியான, நரைக்கத் தொடங்கிய பெண். பழைய ஏடுகளைப் பராமரிக்கும் பிரிவில் வேலை. எங்களைத் திட்டத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் அத்தையின் வெறுங்காலைப் பார்த்தாள். பிறகு எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டாள். நானும் மனதில் இருந்ததை அவளிடம் கேட்டேன்: இதுதான் முதல் பிரதியா?

இல்லை என்றாள். இது பிரதியைப் பார்த்து எழுதிய பிரதி. முதலில் எழுதியது ஒன்றுகூட உலகத்தில் மிஞ்சவில்லை. இயேசு பேசியது அரமேயம், எழுதப்பட்டது கிரேக்கம். எழுதுவதற்கு முன் முப்பது நாற்பது வருஷம் எல்லாம் வாய்ப்பேச்சாகவே இருந்தது. கூடும்போதும் சாப்பிடும்போதும் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்டது. ஓரத்துத் திருத்தங்கள் பல பேருடைய கை, பல தலைமுறைக் கை.

"என்னடா சொல்லுது அந்தப் பொண்ணு, இவ்வளவு நேரமா?"

சொன்னேன். அத்தை யோசித்தாள். "வெரோணிக்கம்மா இதுல இருக்காங்களான்னு கேளு."

எனக்குப் பதில் முன்பே தெரியும். இருந்தாலும் கேட்டேன். அந்தப் பெண் மெல்லத் தலையசைத்தாள். இதில் இல்லை, எந்த நற்செய்தியிலும் இல்லை, அது பின்னால் வந்த கதை.

"நல்லாத் தேடச் சொல்லு" என்றாள் அத்தை. கைக்குட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள். எனக்கும் சந்தோஷம் வரவில்லை. அப்பாவிடம் வாதத்தில் ஜெயித்துவிட்டேன், ஆனால் ஜெயித்த மாதிரி இல்லை.

அந்தப் பெண் அத்தையின் முகத்தைப் பார்த்து என்னிடம் சொன்னாள்: "அவரிடம் சொல்லுங்கள், இந்த ஏட்டில் இல்லாத பெண் இன்னொருத்தியும் இருக்கிறாள். விபசாரத்தில் பிடிபட்டு, கல்லெறிய இழுத்து வரப்பட்டவள்."

ஆண்டவர் தரையில் எழுதிவிட்டு நிமிர்ந்து, பாவமில்லாதவன் முதல் கல்லை எறியட்டும் என்று சொல்லி அவளைக் காப்பாற்றுகிற இடம். பள்ளிக்கூடத்தில் அதை வாசித்துத்தான் எனக்கு முதல் பரிசாக எவர்சில்வர் டம்ளர் கிடைத்தது.

"அது அச்சில் இருக்கிறதே. நானே படித்திருக்கிறேன்."

"அச்சில் இருக்கிறது. இதில் இல்லை. பழைய ஏடுகள் பலவற்றில் இல்லை. வாய்வழியாக உலவிக்கொண்டிருந்த கதையாக இருக்கலாம். பிற்காலத்து ஏடுகளில் ஒருவர் யோவான் நற்செய்தியில் ஓரிடத்தில் வைத்திருக்கிறார், வேறொருவர் இன்னோரிடத்தில், சிலர் லூக்காவில். அவளை எங்கே உட்கார வைப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. விட்டுவிடவும் மனம் வரவில்லை."

திரும்பும் கப்பலில் கடல் அமைதியாக இருந்தது. அத்தை தூங்கினாள். நான் மேல்தளத்தில் நின்று, ஊரில் இதை எந்த வாயால் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். பாரிசில் அவள் தங்கிவிட்டாள். நான் புறப்படும்போது கைக்குட்டையை மடித்து என் சட்டைப்பையில் வைத்தாள். "உங்கப்பாகிட்ட குடு. வெரோணிக்கா பத்தி கேட்டா உள்ளதைச் சொல்லிடு. பொய் சொல்லிக் குடுத்தா அதுக்கு மதிப்பில்ல."

பெரிய வெள்ளிக்கு முந்தி வருகிற குருத்தோலை ஞாயிற்றுக்கும் முன்பே காரைக்கால் வந்து சேர்ந்தேன். அப்பா வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கைக்குட்டையை நீட்டி, எதைத் தொட்டது என்று சொன்னேன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு வாங்கினார். வெகுநாளைக்குப் பிறகு நேராக என்னிடமே கேட்டார்.

"வெரோணிக்கம்மா இருந்தாங்களா?"

"இல்லப்பா."

அவர் கைக்குட்டையை மடித்த மடிப்பிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே போகத் திரும்பியவரிடம் அவசரமாகச் சொன்னேன்: "கல்லெறிய இழுத்துட்டு வந்தாங்கள்ல, அந்தப் பொம்பளையும் அதுல இல்ல."

அப்பா திரும்பினார். முகத்தில் நிஜமான பதற்றம். "இல்லியா? அப்ப அவளை அடிச்சே கொன்னுபுட்டானுங்களா?"

"இல்லப்பா, கதையே அந்த ஏட்டுல இல்ல. அப்புறம் வந்தவங்கதான் சேத்து எழுதினாங்களாம்."

"அதானே" என்றார் அப்பா, பெருமூச்சு விட்டு. "நல்லவேளை சேத்தானுங்க."

அந்த வார்த்தையை அப்படியே சாமியாரிடம் கொண்டுபோய்ச் சொன்னேன். அவர் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்.

"அந்தக் கதை பழைய ஏட்டுல இல்லைங்கறது செமினரியில நான் படிச்சதுதான் சவரி. பரீட்சையில எழுதி மார்க்கும் வாங்கினேன்."

"அப்ப அந்தக் கதையைப் பிரசங்கத்துல சொல்ல மாட்டீங்களா சாமி?"

"வருஷா வருஷம் சொல்றேன். நான் பண்ற பிரசங்கத்துலயே ஜனங்க தூங்காத பிரசங்கம் அது ஒண்ணுதான்." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்க. திருச்சபை வேதம்னு ஏத்துக்கிட்டது வேற, உங்கப்பா பாடறது வேற. ரெண்டையும் ஒண்ணாக் கலக்க விட மாட்டேன். கோயிலுக்குள்ள நீ வாசி. முடிஞ்சு, சிலுவையைத் தூக்கிட்டு வெளிய வந்தப்புறம், வாசல் முத்தத்துல அவர் பாடட்டும். எட்டு மணிக்குள்ள முடிக்கணும்."

வீட்டில் வந்து சொன்னேன். மரியா குதித்தாள். அப்பா நிதானமாகச் சுருட்டை அணைத்தார்.

"மைக்கு உண்டா?"

"உள்ளதான்பா மைக்."

"வாசிக்கிறவருக்கு மைக்கு, பாடறவனுக்கு வெறுந்தொண்டையா? போய்க் கேட்டுட்டு வா."

மறுபடியும் போனேன். சாமியார் தலையில் கைவைத்துக்கொண்டு, சரி என்றார்.

பெரிய வெள்ளிக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. புதிய மொழிபெயர்ப்பில் யோவான் எழுதிய, ஆண்டவர் பட்ட பாடுகளை வாசித்தேன். ஒரு சொல்லும் தடுக்கவில்லை. தலை நிமிர்ந்தபோது அப்பா கடைசித் தூணில் சாய்ந்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. அவர் உதடு அசைந்தது. என்ன முணுமுணுத்தார் என்று எனக்குக் கேட்கவில்லை.

வெளியே முற்றத்தில் அவர் மைக்கை வாயோடு ஒட்டிப் பிடித்ததும் அது வீல் என்று கத்தியது. சிறுவர்கள் சிரித்தார்கள். மைக் செட்காரர் ஓடிவந்து தள்ளிப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அப்பா தொண்டையைச் செருமி ஆரம்பித்தார். இரண்டு வரியில் சிரிப்பு அடங்கிவிட்டது.

பதற்றமோ, மைக்கின் புதுமையோ, நடுவில் ஒரு கண்ணியை விட்டுவிட்டார். கூட்டத்திலிருந்து ஒரு பெண், "அதுக்கு முன்னாடி சீமோன் வந்து சிலுவையை வாங்கணும்ணே" என்றாள். இன்னொருத்தி முதல் அடியை எடுத்துக் கொடுத்தாள். மூன்றாவது ஒருத்தி, அது அப்படியில்லை, இப்படி என்றாள். அப்பா தலையாட்டி, பின்னால் போய், சீமோனைக் கூட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அந்தத் தோல் ஏட்டின் ஓரத்தில் பார்த்த பொடி எழுத்துகள் நினைவுக்கு வந்தன.

வெரோணிக்கம்மாள் வந்தாள். முந்தானையைக் கிழித்தாள். அப்பா மடியிலிருந்து அத்தையின் கைக்குட்டையை எடுத்துத் தன் முகத்தைத் துடைத்துக்கொண்டார்; வேர்வையா, கண்ணீரா, தூரத்திலிருந்து தெரியவில்லை. சாமியார் கை கட்டி நின்றிருந்தார். எட்டு மணி ஆனபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

முடிந்ததும் மைக் செட்காரர் தலையைச் சொறிந்துகொண்டு வந்தார். "எட்டு மணி வரைக்கும்தான் வாடகை பேசினது சாமி. மேக்கொண்டு ஒரு மணி நேரம் ஓடிருக்கு."

சாமியார் அங்கியை விலக்கிச் சட்டைப்பையில் தேடினார். அப்பாவும் வேட்டி மடிப்பை அவிழ்த்தார். வீட்டில் தீப்பெட்டிக்குக்கூட அம்மாவிடம் காசு கேட்கிற மனிதர். "பாட்டை இழுத்தது நான். பாதி என்னுது" என்றார். சாமியார் வேண்டாம் என்று சொல்லப் பார்த்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பாதியை மட்டும் எண்ணினார்.

"சவரி, இந்தா, அவர்கிட்ட குடுத்துடு" என்று அப்பா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

கூடுதல் ஒரு மணி நேரத்துக்கு மைக் செட் வாடகை பதினைந்து ரூபாய். சாமியார் ஏழரை, அப்பா ஏழரை.